விதைக்காக பூசணி போடறது எப்படி – அரசாணிக்கொடி போட்டு பழகுனவன் சொல்றேன்

முதல்ல பேரை தெளிவு பண்ணிக்கலாம், இல்லைன்னா பாதி படிச்ச பிறகு சண்டை வரும். எங்க ஈரோடு கோயமுத்தூர் பக்கம் அரசாணிக்காய்னு சொல்றது, தஞ்சாவூர்ல பரங்கிக்காய், சென்னையில மஞ்சள் பூசணி, சில ஊர்ல சர்க்கரைப் பூசணி, எல்லாம் ஒண்ணுதான். கண்ணு படக்கூடாதுன்னு ரோட்ல உடைக்கிறோமே வெள்ளைப் பூசணி, அது வேற செடி, அதைப் பத்தி இங்க பேசலை. கடையில கிலோ எவ்வளவுன்னு கேட்டாலே தலை சுத்துற அந்த பச்சைக் கலர் பூசணி விதை இருக்கு பாருங்க, அதை நம்ம தோட்டத்துல எடுக்க முடியுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. முடியும், ஆனா காய்க்கு வளர்க்கிறதும் விதைக்கு வளர்க்கிறதும் ஒண்ணு இல்லை, அங்கதான் எல்லாரும் கோட்டை விடறோம், நானும் ரெண்டு வருஷம் விட்டேன்.

அந்த பச்சை விதை என்னன்னு முதல்ல பாருங்க. நம்ம அரசாணியை அறுத்தா வெள்ளையா கெட்டியா ஓடு இருக்கிற விதை வரும், அதை உடைச்சா உள்ள இருக்கிற பருப்பும் பச்சையாத்தான் இருக்கும், கடையில விக்கறதுல ஒரு பகுதி இப்படி மெஷின்ல ஓடு உடைச்சு எடுத்ததுதான். இன்னொரு பகுதி பொறக்கும்போதே ஓடு இல்லாம பொறக்குற ரகம். ஆஸ்திரியாவுல ஸ்டீரியான்னு ஒரு பகுதி இருக்கு, அங்க 19ஆம் நூற்றாண்டுல ஒரு பூசணிச் செடியில தானா ஒரு மாற்றம் வந்து விதையோட கெட்டி ஓடு போயிடுச்சு, மேல ஒரு மெல்லிசு தோல் மட்டும் கரும்பச்சையா இருக்கும். அந்த ஊர்க்காரங்க அதைப் புடிச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் அந்த விதையை வறுத்து செக்குல ஆட்டி எண்ணெய் எடுக்கறாங்க, 1996ல ஐரோப்பாவுல அந்த எண்ணெய்க்கு நம்ம புவிசார் குறியீடு மாதிரி பாதுகாப்பே வாங்கிட்டாங்க. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 30 பூசணிக்கு மேல வேணும், அப்படின்னா ஒரு காய்ல எவ்வளவு விதை இருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். அங்க சதையை பெரும்பாலும் வயல்லயே விட்டுடுவாங்க, உரமாப் போயிடும். ஏன்னா அந்த ரகத்துல விதைதான் சரக்கு, சதை சப்புன்னு இருக்கும்.

அதனால என் கருத்து, முதல் வருஷம் நாட்டு அரசாணியே போடுங்க. சதை குழம்புக்கு ஆச்சு, விதை தனியா ஆச்சு, ஓடு உடைக்கிற வேலை மட்டும்தான் கூடுதல். ஓடில்லாத ரகத்தை ரெண்டாவது வருஷம் நாலு செடி மட்டும் வெச்சு பாருங்க. நான் தலைகீழா பண்ணேன், ஆன்லைன்ல ஒரு இடத்துல 10 விதை வாங்கினேன், காசைச் சொன்னா வீட்ல திட்டுவாங்க, அதுல முளைச்சது 4, அதுலயும் ஒண்ணை எலி தின்னுடுச்சு.

ரகம்னு பாத்தா நாட்டு விதை கிடைச்சா அதுவே போதும், பக்கத்து தோட்டத்துல நல்லா காய்ச்ச கொடியோட முத்துன காய்ல இருந்து கேட்டு வாங்கிக்கங்க. இல்லைன்னா கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 1, கோ 2 இருக்கு, கோ 1 காய் 7-8 கிலோ வரும் ஆனா முடிய 175 நாள் ஆகும், கோ 2 காய் சின்னது, ஒன்றரை ரெண்டு கிலோ, 135 நாள்ல முடிஞ்சிடும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட அர்கா சந்தன், அர்கா சூர்யமுகியும் விதைக்கடையில கேட்டுப் பாக்கலாம். விதைக்காகன்னா பெரிய காய் மேல ஆசைப்படாதீங்க, 8 கிலோ காய்ல 2 கிலோ காயை விட நாலு மடங்கு விதை இருக்கும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க, கூடுதல் எடை பூராவும் சதைதான். நடுத்தரமா நாலு காய் இருந்தா ஒரு ராட்சசக் காயை விட விதை நிறைய கிடைக்கும். ஓடில்லாததுல லேடி கொடைவா, காக்காய் (பறவை இல்லைங்க, ஜப்பான் ரகம்), ஸ்டீரியன் அப்படின்னு பேர் போட்டு விக்கிறாங்க.

கலர் பூசின விதைப் பாக்கெட் வாங்கினா அது மருந்து கலந்தது, மிச்சம் இருக்கேன்னு வாயில போட்றாதீங்க. அதே மாதிரி மளிகைக்கடை பச்சை விதையை நட்டா முளைக்குமான்னு கேட்டா, மெஷின்ல ஓடு உடைச்சது பெரும்பாலும் அடிபட்டிருக்கும், வறுத்ததுன்னா பேச்சே இல்லை, அதை நம்பி பட்டத்தை, அதாவது விதைக்கிற பருவத்தை, வீணாக்க வேண்டாம்.

பட்டம்தான் பெரிய விஷயம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லிட்டு எல்லாரும் ஆடியில போடுவோம், காய்க்கு அது அருமை. ஆனா விதைக்குன்னா யோசிங்க, ஆடியில போட்டா காய் முத்துறது ஐப்பசி கார்த்திகையில, அடைமழை, காய் ஈர மண்ணுல கிடந்து அடியில அழுகும், அதை காப்பாத்தி விதை எடுத்தாலும் காயவைக்க வெயில் இருக்காது, ரெண்டு நாள் ஈரமா கிடந்தா பூஞ்சணம் புடிச்சு எல்லாம் குப்பைக்குத்தான். நான் ஒரு வருஷம் மூணு கிலோ விதையை ஃபேன் கீழ பேப்பர்ல பரப்பி வெச்சு வீடு பூரா பூசணி வாடை, கடைசியில பாதி கருப்பு. அதுல இருந்து விதைக்குன்னா தைப்பட்டம்தான், தை மாசம் போட்டா சித்திரை வைகாசியில அறுப்பு, வெயிலுக்கு பஞ்சமே இல்லை. தண்ணி வசதி மட்டும் இருக்கணும். ஓடில்லாத ரகம் குளிர் நாட்டு ஆளு, நம்ம வெயில்ல ஆண்பூவா பூத்துத் தள்ளும், அதை கார்த்திகை கடைசி மார்கழியில போட்டுட்டா பூக்குற நேரம் இதமா இருக்கும், பங்குனிக்குள்ள அறுத்துடலாம்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. குழிக்கு குழி ரெண்டு மீட்டர் இடைவெளி வேணும், நிறைய பேர் செடி சின்னதா இருக்கும்போது பாத்துட்டு நெருக்கி வெச்சு அப்புறம் கொடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எந்தக் காய் எதுலன்னே தெரியாம போயிடும். குழிக்கு நல்லா மக்கின தொழுஉரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு ரெண்டு கைப்பிடி, அடுப்பு சாம்பல் இருந்தா ஒரு கைப்பிடி, மேல்மண்ணோட கலந்து குழியை மூடி ஒரு தண்ணி விட்டு ஒரு வாரம் ஆறப் போடுங்க. குழிக்கு 4-5 விதை, ஒரு இஞ்ச் ஆழம், முளைச்சு ரெண்டு மூணு இலை வந்ததும் தெம்பா இருக்கிற ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை கிள்ளிடுங்க. புடுங்காதீங்க, பக்கத்து வேரும் சேந்து ஆடும்.

நாட்டு விதையை ராத்திரி ஊறவெச்சு போட்டா சீக்கிரம் முளைக்கும். ஓடில்லாததை மட்டும் ஊறவைக்கவே கூடாது. ஓடுங்கறது சும்மா இல்லை, விதைக்கு அதுதான் சட்டை, அது இல்லாத விதை ஈர மண்ணுல நாலே நாள்ல அழுகிடும், இல்லைன்னா எறும்பு இழுத்துட்டு போயிடும். அதனால ட்ரேல கோக்கோபீட்டும் மண்புழு உரமும் கலந்து, பிழிஞ்சா தண்ணி சொட்டாத அளவு ஈரத்துல, ஒரு இஞ்ச்சுக்கு கம்மியா புதைச்சு, வெதுவெதுப்பான இடத்துல வைங்க. முளை தெரியற வரைக்கும் தண்ணி ஊத்துற கையை கட்டிப் போடுங்க. மேல ஒரு கம்பி வலை கட்டாயம், எலிக்கு இதை விட விருந்து கிடையாது. ரெண்டு நிஜ இலை வந்ததும் வேர் கலையாம குழிக்கு மாத்திடுங்க.

மாடித்தோட்டக்காரங்க கேப்பீங்க. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்ல வைக்கலாமான்னா, செடி வரும், காயும் ஒண்ணு வரும், விதை பாதி பொக்கா இருக்கும். ரெண்டடி அகலப் பையில ஒரு செடி, கொடியை கைப்பிடிச்சுவர் மேல ஏத்தி விடாம தரையிலயே ஓடவிடுங்க, காய் தொங்கினா வலைப்பை கட்டணும், அது ஒரு தனி வேலை.

செடி ஓட ஆரம்பிச்சதும் தழைச்சத்தை அளவா வைங்க. யூரியாவை அள்ளி வெச்சா இலை யானைக்காது மாதிரி வரும், பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம், காய் இருக்காது. 30 நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் மேலுரம், பூக்குற நேரத்துல சாம்பல் இல்லைன்னா பொட்டாஷ், போதும். கொடி ரெண்டு மீட்டர் போனதும் நுனியை கிள்ளி விட்டா பக்கக் கிளை வரும், பெண்பூ அதுலதான் அதிகமா பாக்கலாம், அந்தக் கிளையோட நுனியையும் திரும்ப கிள்ளி மூணாவது தலைமுறைக் கிளை வர வைக்கிறதைத்தான் யூடியூப்ல 3ஜி கட்டிங்னு சொல்றாங்க, பேர்தான் பெருசு. விவசாயிங்க எத்ரல்னு ஒரு வளர்ச்சி ஊக்கி மருந்தை அடிச்சு பெண்பூவை கூட்டுவாங்க, வீட்டுக்கு நாலு செடி வெச்சிருக்கிறவங்களுக்கு அது தேவையில்லைங்கறது என் எண்ணம்.

இப்ப விதைக்காரங்க ரொம்ப கவனிக்க வேண்டிய இடம், மகரந்தம். காய்க்காரங்களுக்கு பூ ஒட்டினா போதும், காய் பெருத்துடும். நமக்கு அப்படி இல்லை, காய்க்குள்ள ஒவ்வொரு விதையும் நிறையணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு மகரந்தத் துகள் போய் சேரணும், ஒரு காய்ல சில நூறு விதைக்கு இடம் இருக்கும். தேனீ ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டு போனா காய் உருண்டையா வரும், அறுத்துப் பாத்தா தட்டை தட்டையா பொக்கு விதை. என்னோட முதல் வருஷக் காய் எல்லாமே இப்படித்தான், வெளிய பாத்தா சூப்பர், உள்ள காத்து.

ஆண்பூ நீளமான மெல்லிசு காம்புல நிக்கும், பெண்பூவுக்கு அடியில கோலிக்குண்டு சைஸ்ல குட்டிக் காய் இருக்கும். முதல் பத்து பதினஞ்சு நாள் ஆண்பூவாத்தான் வரும், பயப்படாதீங்க, பறிச்சு பஜ்ஜி போடுங்க. பூ விடியற்காலம் விரியும், வெயில் ஏறினா மூடிடும், அதனால 6 மணியில இருந்து 9 மணிக்குள்ள வேலையை முடிக்கணும். ஆண்பூவை பறிச்சு இதழை உரிச்சுட்டு நடுவுல இருக்கிற மஞ்சத் தூள் தண்டை பெண்பூ நடுவுல இருக்கிற மடல் மூணுலயும் மெதுவா தேய்ங்க. ஒரு பெண்பூவுக்கு ஒரு ஆண்பூன்னு கஞ்சத்தனம் பண்ணாதீங்க, மூணு பூ எடுத்துக்கங்க, வேற வேற கொடியில இருந்து எடுத்தா இன்னும் நல்லது. தோட்டத்துல தேனீப் பெட்டி இருக்கிறவங்களுக்கு இந்த வேலையே வேண்டாம், ஆனா அந்த நேரத்துல காலையில மருந்து அடிச்சு தேனீயை கொன்னுடாதீங்க, எதை அடிச்சாலும் சாயங்காலம்தான்.

கலப்பு பத்தி ஒரு குழப்பம் எல்லாருக்கும் உண்டு. ஓடில்லாத செடி பக்கத்துல ஓடுள்ளது இருந்தா விதையில ஓடு வந்துடுமான்னு கேப்பாங்க. இந்த வருஷம் வராது, விதையோட மேல்தோல் அம்மாச் செடியோட உடம்பு, அப்பா யாரா இருந்தாலும் அது மாறாது, அதனால திங்கறதுக்கு பிரச்சனையே இல்லை. ஆனா அந்த விதையை அடுத்த வருஷம் நட்டீங்கன்னா அப்ப தெரியும் சேதி, காய் அறுத்தா ஓடோட நிக்கும். நம்ம நாட்டு அரசாணியும் ஓடில்லாத ரகமும் இனம் வேற, லேசுல கலக்காது, சுக்கினி மாதிரி அதே இனத்துச் செடி பக்கத்துல இருந்தாத்தான் கவலை. விதைக்குன்னு வைக்கிற காய்க்கு முந்தின நாள் சாயங்காலமே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால கட்டிட்டு, காலையில அவுத்து தேய்ச்சு, திரும்ப கட்டி, காம்புல ஒரு கலர் துணி கட்டி வெச்சுடுங்க.

கொடிக்கு மூணு நாலு காய் நின்னா போதும், அப்புறம் வர்ற பிஞ்சை கிள்ளி பொரியலுக்கு போடுங்க. நிக்கிற காய் அடியில வைக்கோலோ தென்னமட்டையோ வெச்சு மண்ணுல படாம பாத்துக்கங்க.

பூச்சியில முதல் வில்லன் அந்த ஆரஞ்சு சிவப்பு வண்டு. முளைச்ச ரெண்டு இலைப் பருவத்துல வந்தா ஒரே நாள்ல செடியே இருக்காது. விடியற்காலம் பனியில அது மந்தமா உக்காந்திருக்கும், சோப்புத் தண்ணி டப்பாவுல தட்டி விடுங்க, இலை மேல சாம்பல் தூவுங்க, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்பு கரைசலோட அடிங்க. ரெண்டாவது பழ ஈ, பிஞ்சுல ஊசி மாதிரி குத்தி முட்டை வெச்சுடும், உள்ள புழு நெளியும். பிஞ்சு ஒட்டினதும் பேப்பர் பையோ பழைய துணியோ சுத்தி கட்டுங்க, ஆண் ஈயை வாசனையால இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ரெண்டு தொங்கவிடுங்க, குத்து வாங்கின காயை அங்கயே போடாம தூரமா ஆழப் புதைங்க. இலை மேல வெள்ளை மாவு மாதிரி சாம்பல் நோய் வந்தா புளிச்ச மோரை பத்து மடங்கு தண்ணியில கலந்து அடிச்சா ஆரம்பத்துல அடங்கும். கந்தகத் தூள் மட்டும் தூவாதீங்க, இந்தக் குடும்பத்துச் செடிக்கு அது ஆகாது, இலை கருகிடும். இலை மஞ்சளும் பச்சையுமா திட்டு திட்டா சுருங்கினா அது வைரஸ், பாவ புண்ணியம் பாக்காம புடுங்கிடுங்க.

அறுப்புல அவசரப்பட்டா இவ்வளவு நாள் பட்ட பாடு வீண். காய்க்கு பறிக்கிறவங்க பறிச்சு ஒரு மாசம் கழிச்சு கூட நமக்கு காய் கொடியில கிடக்கலாம். காம்பு பச்சை போய் காஞ்சு தக்கை மாதிரி ஆகணும், நகத்தால குத்தினா தோல் உள்ள போகக்கூடாது, மண்ணுல பட்ட பக்கம் வெளிர் போய் மஞ்சளா மாறணும். கடைசி ரெண்டு வாரம் தண்ணியை குறைச்சுடுங்க. காம்பு நாலு விரக்கடை விட்டு அறுங்க, காம்பைப் பிடிச்சு தூக்காதீங்க, உடைஞ்சா அந்த வழியா அழுகல் உள்ள போகும்.

அறுத்ததும் உடைக்காதீங்க. நிழல்ல காத்தோட்டமா ரெண்டு மூணு வாரம் வைங்க, அந்த நாள்லயும் சதையில இருக்கிற சத்து விதைக்கு போய்க்கிட்டே இருக்கும், விதை கனமாகும். அதுக்காக மாசக்கணக்கா விட்டா உள்ளயே முளை விட்டு நிக்கும், ஓடில்லாத ரகத்துக்கு அந்தப் புத்தி ரொம்ப, அதை ரெண்டு வாரத்துல உடைச்சுடுங்க.

உடைச்சு முதல்ல சதையில ஒரு துணுக்கு நாக்குல வெச்சு பாருங்க. கசந்தா துப்பிட்டு காய் விதை எல்லாத்தையும் குப்பைக்கு போட்டுருங்க. சில கொடியில கசப்புப் பொருள் ஏறி வரும், அது வயித்தை பதம் பாத்துடும், வேகவெச்சாலும் போகாது. நல்ல காய்னா விதையை நாரோட வழிச்சு ஒரு அண்டாவுல தண்ணியில போட்டு கையால பிசைங்க, நார் பிரிஞ்சுடும். ராத்திரி பூரா ஊறப் போட்டு நாறவைக்க வேண்டாம், திங்கற விதைக்கு அந்த வாடை ஏறிடும். இன்னொண்ணு, மிதக்கிற விதை எல்லாம் பொக்குன்னு தள்ளிடாதீங்க, நெல்லுக்கு அந்தக் கணக்கு சரி, பூசணியில நல்ல விதையும் மிதக்கும். கையில எடுத்து நசுக்கிப் பாருங்க, நடுவுல தடிமன் தெரிஞ்சா நல்லது.

அலசி தண்ணி வடிச்சு முறத்துலயோ துணியிலயோ ஒத்தை அடுக்கா பரப்புங்க, பேப்பர்ல பரப்பினா ஒட்டிக்கும். காலை வெயில் சாயங்கால வெயில் போதும், உச்சி வெயில்ல எடுத்து உள்ள வைங்க, நாலஞ்சு நாள்ல வளைச்சா படக்குன்னு உடையும், வளைஞ்சு கொடுத்தா இன்னும் ஈரம் இருக்கு. அணில் வரும். ஒரு முறம் விதையை ஒரு மத்தியானத்துல காலி பண்ணிட்டு ஓட்டை மட்டும் அழகா அடுக்கி வெச்சுட்டு போன அணிலை நான் பாத்திருக்கேன், அதுகிட்ட ஓடு உடைக்கக் கத்துக்கணும்.

ஓடு உடைக்கிறதுக்கு வீட்டுல சுலப வழின்னு ஒண்ணும் இல்லைங்க, உண்மையைச் சொல்லிடறேன். லேசா வெறும் சட்டியில சூடு பண்ணி, விதையோட ஓரத்தை சின்ன கத்தரியால நறுக்கினா பருப்பு முழுசா வந்துடும், டிவி பாத்துக்கிட்டே அரை மணிக்கு ஒரு கைப்பிடி. எங்க வீட்ல ஓடோடயே பண்றது ஒண்ணு இருக்கு. விதையை உப்புத் தண்ணியில ராத்திரி ஊறவெச்சு, காயவெச்சு, மண்சட்டியில சின்னத் தீயில பொரிய ஆரம்பிக்கிற வரைக்கும் வறுக்கணும். அப்படியே மென்னு திங்கலாம், இல்லைன்னா வரமிளகாய், பூண்டு, கருவேப்பிலை சேத்து மிக்சியில அரைச்சு சலிச்சா இட்லிப்பொடி, சக்கை மட்டும் சல்லடையில நிக்கும்.

எவ்வளவு கிடைக்கும்? நல்லா மகரந்தம் பிடிச்ச ஒரு காய்ல காஞ்ச விதை 50ல இருந்து 100 கிராம். அஞ்சு கொடி, கொடிக்கு மூணு காய்னு வெச்சா ஓடோட ஒரு கிலோ சுமார், ஓடு போனா முக்கால் கிலோவுக்கு கம்மி. வியாபாரம் பண்ணலாம்னு யாராவது வீடியோவுல சொன்னா நம்பாதீங்க, வீட்டுக்கு போதும், சதை வித்த காசு தனி. பருப்புல 100 கிராமுக்கு 30 கிராம் சுமார் புரதம் இருக்கு, ஆனா பாதி எடை கொழுப்பு, அதனால ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம்.

எண்ணெய்ச் சத்து அதிகம்ங்கறதால வெளிய வெச்சா ரெண்டு மாசத்துல காரல் வாடை வந்துடும், கண்ணாடி பாட்டில்ல அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, வறுக்கிறதை அப்பப்ப வறுத்துக்கங்க. கலர் துணி கட்டின அந்தக் காயோட விதையை மட்டும் வறுக்காம, பெருசா தடிமனா இருக்கிறதை பொறுக்கி, சாம்பல்ல புரட்டி, மேல மாசம் வருஷம் எழுதி தனி டப்பாவுல வைங்க. நாட்டு விதைன்னா மூணு வருஷம் தாங்கும், ஓடில்லாததை மட்டும் அடுத்த மார்கழிக்கே போட்டுடுங்க.